டிராயருக்குள்ள இருந்த பாலன்

எங்க ஆபீஸ்ல கத்தோலிக்கன்னு பாத்தா நான் ஒருத்தன்தான், அதனால நவம்பர் கடைசியிலயே எச்ஆர் மேடம் வந்து "நீங்கதான் கிறிஸ்மஸ் கமிட்டி லீட்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க, என்னன்னு கேக்கக்கூட டைம் குடுக்கல.

2024ல டிசம்பர் 1 ஞாயித்துக்கிழமை, எங்களுக்கு அன்னைக்குத்தான் திருவருகைக்காலமே, அதாவது கிறிஸ்மஸுக்கு முந்தின காத்திருப்பே ஆரம்பம். நாலு வாரம் காத்திருக்கணும். கோவில்ல ஃபாதர் ஊதா உடுப்பு, பூசையில 'உன்னதங்களிலே'னு வர்ற வானவர் கீதம் கிடையாது, பீடத்துல பூ கம்மி. மறுநாள் ஆபீஸ் போனா பஞ்சைப் பிச்சு ரிசப்ஷன் பூரா ஸ்னோவா தூவி வச்சிருக்காங்க, வெளிய ரோட்ல ஃபெஞ்சல் புயல் விட்டுட்டுப்போன தண்ணி இன்னும் வடியல, பேன்ட்ட மடிச்சுக்கிட்டு செருப்பக் கையில தூக்கிட்டு வந்து ஸ்னோவுல நிக்கிறேன்.

வீட்ல திருவருகைக்கால இலை வளையத்துல வாரத்துக்கு ஒண்ணா நாலு மெழுகுவர்த்தி ஏத்தணும், மூணு ஊதா, மூணாவது ஞாயிறுக்கு மட்டும் ரோஸ். ஊர்ல இருக்கற கடையெல்லாம் சிவப்பும் பச்சையும்தான். வெள்ளை மெழுகுவர்த்தில ஊதா ரிப்பன் சுத்தி சமாளிச்சாச்சு. ரோஸுக்கு ஃபேன்சி ஸ்டோர் பையன் ரொம்ப யோசிச்சு எடுத்துக் குடுத்தது பர்த்டே கேக்ல குத்துற "3" நம்பர் மெழுகுவர்த்தி. மூணாவது வாரம்தானேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். 15ஆம் தேதி ஏத்தும்போது அம்மா ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க.

அம்மா தூத்துக்குடி. டிசம்பர் 1க்கே வாசல்ல ஸ்டார் தொங்கும், அதுக்கு மட்டும் சட்டத்துல விலக்கு உண்டு, ஆனா 24 ராத்திரி பூசைக்கு முன்னாடி கேக் வாய்ல படக்கூடாது. "ஏல, பிள்ள பொறக்கதுக்கு முன்ன என்னத்துக்குல கேக்கு வெட்டுதாவ?" ஆபீஸ்ல யாரு குடுக்கறாங்கன்னு சொல்லாம பரிசு குடுக்குற கிறிஸ்மா கிறிஸ்சைல்ட் விளையாட்டுல எனக்கு டெய்லி ஒரு பிளம் கேக் துண்டு வருது, எல்லாத்தையும் வாங்கிட்டு வந்து ஃப்ரீசர்ல அடுக்குனேன், ஐஸ் வைக்க இடம் இல்ல.

இப்ப மேட்டருக்கு வர்றேன். கமிட்டி லீட் ஆச்சே, ரிசப்ஷன்ல குடில் வச்சேன். மாதா, சூசையப்பர், இடையர், மாடு, கழுதை எல்லாம் வச்சுட்டு பாலன் ஏசு சுரூபத்த மட்டும் தொட்டில்ல இருந்து எடுத்து டிஷ்யூல சுத்தி என் டிராயர்ல ஹெட்ஃபோன் பக்கத்துல படுக்க வச்சுட்டேன். வழக்கம் அதானே, 24 ராத்திரி வானவர் கீதத்துக்கு மணி அடிக்கும்போதுதான் பாலன் வரணும். யார்கிட்டயும் சொல்லணும்னு தோணல.

மூணாம் நாள் ஹவுஸ்கீப்பிங் அக்கா முகம் வெளுத்துப்போய் அட்மின்கிட்ட ஓடிருக்காங்க. "சார், கொழந்தையக் காணோம் சார், சத்தியமா நான் தொடைக்கல." நான் மீட்டிங்ல இருந்து வெளிய வர்றதுக்குள்ள சிசிடிவி பாத்து முடிச்சுட்டாங்க. அதுல ஒரு ஆள் தொட்டில்ல இருந்து பாலன எடுத்து, ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்துட்டு, பாக்கெட்ல போட்டுட்டு நடக்கறான். கமிட்டி லீட்.

"ஏதாவது பிரச்சனையா? ஓப்பனா பேசலாம்"னு எச்ஆர் மேடம் ரொம்ப மெதுவா கேட்டாங்க. நான் விளக்குறேன் விளக்குறேன், ஒருத்தருக்கும் புரியல. மாலை போட்டிருந்த எங்க டீம் அண்ணன்தான் காப்பாத்துனார். "அட, இருமுடி கட்டாம அரவணை சாப்பிட முடியுமா? சாமி அதத்தான் சொல்றார்." டக்குனு எல்லாரும் தலையாட்டிட்டாங்க, பத்து நிமிஷம் நான் தொண்டை கிழிய கத்துனதுக்கு இது.

ஆனா 20ஆம் தேதி பார்ட்டிக்கு மேனேஜர் வர்றாரு, தொட்டில் காலியா இருந்தா நல்லாருக்காதுன்னு யாரோ ஆப்ல ஒரு பாலன ஆர்டர் போட்டுட்டாங்க. வந்தது சூசையப்பர விட பெருசு. தொட்டில்ல கொள்ளாம முன்னாடி தரையில படுக்க வச்சாங்க, மாதா முழங்கால்ல இருந்து அத பாக்குற பார்வையில ஒரு பயமே தெரிஞ்சுது.

26ஆம் தேதி காலையில, ஆண்டவர் திருமுழுக்குத் திருநாள் வரைக்கும் இனிமேதானே நம்ம கிறிஸ்மஸ்னு சந்தோஷமா டிராயர்ல இருந்து பாலன எடுத்துட்டு ரிசப்ஷன் போறேன், ஸ்னோ இல்ல, குடில் இல்ல, 2025னு பலூன் ஒட்டிட்டு இருக்காங்க. குடில் அட்டைப்பெட்டியில, தண்ணி கேன் பக்கத்துல. "நேத்தே முடிஞ்சிருச்சுல்ல சார்"ங்கறாங்க அக்கா.

பெட்டியத் தூக்கிட்டு வந்து என் டெஸ்க்ல மானிட்டருக்குக் கீழ எல்லாத்தையும் நிக்க வச்சு பாலன தொட்டில்ல படுக்க வச்சேன். பெரியவர் எங்கன்னு கேட்டா அக்கா கொஞ்சம் தயங்கிட்டு, "வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன் சார், முருகர் பக்கத்துல வச்சிருக்கேன். இவருக்குப் பூ வைக்கலாமா?"

"இப்ப தாராளமா வைங்கக்கா. ஜனவரி 12 வரைக்கும் டெய்லி வைக்கலாம்."