ஷூபர்ட்டும் சில புள்ளிகளும்

இரவு பதினொன்றரை இருக்கும். ஒரு சிறுகதைத் தொகுப்பின் மூன்றாம் மெய்ப்பு. காலையில் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். காதில் ஹெட்போன், யூடியூபில் ஷூபர்ட். வேலை பார்க்கும்போது எனக்குப் பாட்டு ஆகாது; காதில் ஒரு சொல் விழுந்தால் கண் தாளிலிருந்து நழுவிவிடும். அதனால் வாத்திய இசை மட்டும்தான். அதிலும் அதிகம் தொந்தரவு பண்ணாத பழைய வியன்னாக்காரர்கள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டி மேஜர் சுருதியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு தொடக்கம். திடீரென்று வயலின்கள் எல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டன. அந்த மங்கலுக்கு மேலே கிண்கிணியென்று ஒரு மணிச் சத்தம். வேறு டேபில் விளம்பரம் ஓடுகிறதோ என்று தேடினேன். இல்லை. போனை எடுத்துப் பார்த்தேன். அதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில், ஒன்றுமே நடக்காததுபோல் ஷூபர்ட் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து நடக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு அந்தத் தொகுப்பில் மூன்று ஒற்றுப்பிழைகளை விட்டுவிட்டேன். அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது.

நான் கேட்டது லூசியானோ பெரியோவின் 'ரெண்டரிங்'. (பெரியோ என்று தமிழில் எழுதும்போதெல்லாம் கடைசியில் ஒரு 'ர்' விடுபட்டுவிட்டதோ என்று கை பரபரக்கிறது.) இத்தாலியர், 1925இல் பிறந்தவர். மிலான் வானொலியில் ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டி மின்னணு இசை செய்தவர்களில் முக்கியமானவர். 1968இல் இசையமைப்பாளர் மாலரின் இரண்டாம் சிம்பனியிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, அதன்மேல் பேச்சுக் குரல்களையும் வேறு பலருடைய இசைத் துணுக்குகளையும் கொட்டி, சந்தைக் கூச்சல்போல ஆக்கிக் காட்டியவர். அப்படிப்பட்டவர் கையில் ஷூபர்ட் கிடைத்தால் என்ன கதி ஆகும் என்று யாரும் பயப்படுவார்கள். நடந்தது வேறு.

ஷூபர்ட் 1828 நவம்பர் 19 அன்று இறந்தார். வயது 31. கடைசி வாரங்களில் ஒரு புதிய சிம்பனிக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். முழு இசைக்குழுவுக்கான பிரதி இல்லை; பியானோவுக்கு எழுதுவதுபோல இரண்டு வரிசையில் ஓட்டமாகக் கிறுக்கியது, அங்கங்கே இன்ன வாத்தியம் என்று ஒரு குறிப்பு. மூன்று பகுதிகள், நடுவில் நிறைய ஓட்டை. இந்தத் தாள்கள் வியன்னாவில் ஷூபர்ட்டின் வேறு டி மேஜர் குறிப்புகளோடு ஒரே கட்டாகக் கிடந்தன. 1978இல்தான் இது தனி, அது தனி என்று பிரித்தார்கள். நூற்றைம்பது வருடம்! பழைய பிரதிகளோடு புழங்குகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஓட்டைகளை அடைக்க ஆள் இருந்தார்கள். பிரிட்டனைச் சேர்ந்த இசையறிஞர் பிரையன் நியூபோல்ட், ஷூபர்ட் எப்படி யோசித்திருப்பார் என்று ஊகித்து, கேட்டால் தையல் தெரியாதபடி ஒரு முழு சிம்பனியாகவே ஆக்கிக் கொடுத்திருக்கிறார். கேட்டேன். திறமையான வேலைதான். ஆனால் எனக்குள்ளே ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது: இந்த இடம் ஷூபர்ட்டா, நியூபோல்டா?

பெரியோ அப்படிச் செய்ய மறுத்துவிட்டார். ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் இசைக்குழுவுக்காக 1989, 90இல் 'ரெண்டரிங்'கை எழுதியபோது அவர் மனதில் இருந்தது சுவரோவியச் சீரமைப்பு. அசிசி தேவாலயத்தில் ஜொத்தோவின் ஓவியங்களில் வண்ணம் உதிர்ந்த இடத்தைப் புதிதாக வரைந்து மூடாமல், உதிர்ந்தது உதிர்ந்ததாகவே தெரியும்படி விட்டிருக்கிறார்களே, அந்த முறை. ஷூபர்ட் எழுதிய இடங்களை அவருடைய 'முடிவுறாத சிம்பனி'யின் இசைக்குழுவை மாதிரியாக வைத்து, அந்தக் காலத்து நிறத்திலேயே வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஓட்டை வருகிற இடத்தில் செலஸ்டா.

செலஸ்டா ஒரு சின்ன பியானோ மாதிரி இருக்கும்; உள்ளே சுத்தியல்கள் தட்டுவது கம்பியை அல்ல, உலோகத் தகடுகளை. சைகோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலேயில் சர்க்கரைத் தேவதை ஆடும்போது ஒலிப்பது அதுதான். பாரிஸில் முஸ்டெல் என்பவர் 1886இல் காப்புரிமை வாங்கினார். ஷூபர்ட் இறந்து 58 வருடம் கழித்து. அதாவது அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கவே முடியாது. செலஸ்டா ஒலித்தால் இங்கே ஷூபர்ட் இல்லை என்று அர்த்தம். அடியில் இழைகிற அந்த மங்கல் இசையிலும் பி ஃப்ளாட் பியானோ சொனாட்டா, பி ஃப்ளாட் ட்ரியோ என்று கடைசிக் கால ஷூபர்ட்டின் நினைவுகள் கனவில் வருகிற முகங்கள்போல வந்து கலைகின்றன. எல்லாம் மிக மெல்லிய ஒலியில்.

நம் பதிப்புகளில் இதை நாம் பார்த்திருக்கிறோம். புறநானூற்றைத் திறந்தால் 267, 268 என்று எண் இருக்கும், பாட்டு இருக்காது. வேறு சில பாட்டுகளில் ஏடு சிதைந்த இடத்தில் வெறும் புள்ளிகள். உ.வே.சா. நினைத்திருந்தால் யாப்புப் பிசகாமல் நாலு சீர் எழுதிச் சேர்த்திருக்க முடியாதா? புள்ளிதான் வைத்தார். அந்தப் புள்ளிகளை யாராவது வாய்விட்டு வாசித்துக் காட்டினால் எப்படியிருக்கும், அதுதான் எனக்கு இந்தச் செலஸ்டா.

இப்படி ஷூபர்ட்டின் மேல் கைவைத்தவர் இன்னொருவர் உண்டு, ஹான்ஸ் ட்செண்டர். 1827இல் ஷூபர்ட் குரலுக்கும் பியானோவுக்கும் எழுதிய 'குளிர்காலப் பயணம்' 24 பாட்டுகளை எடுத்து, 1993இல் சிறிய இசைக்குழுவுக்கு மாற்றினார். அக்கார்டியன், கிதார், காற்று இரைச்சலுக்கென்றே ஓர் எந்திரம். வாத்தியக்காரர்கள் அரங்கில் நடந்துகொண்டே வாசிக்கிறார்கள். பலர் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ, பியானோவின் இடது கை ஏற்கெனவே காட்டிவிட்ட பனியை மறுபடி வாளியில் அள்ளி முகத்தில் ஊற்றுவதுபோல் இருக்கிறது.

பெரியோவிடமும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். இப்போது ஷூபர்ட் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, எப்போது மணி வரும் என்று காது காத்திருக்கிறது. ஓட்டைக்கு ஆசைப்பட ஆரம்பித்துவிட்டேன். இது ஷூபர்ட்டுக்குச் செய்கிற நியாயமா என்று தெரியவில்லை. "அப்பா, திரும்பவும் அந்த ஐஸ் வண்டிப் பாட்டா?" என்கிறாள் என் மகள்.

இரண்டாம் பகுதியான ஆண்டாண்டேயில் மட்டும் காத்திருப்பது மறந்துபோகும். ஓபோ என்ற குழல் தனியாகக் கிளம்பி வரும்போது, முப்பத்திரண்டு வருடம் கழித்துப் பிறக்கப்போகிற மாலர் ஷூபர்ட்டின் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார் போலிருக்கும். பெரியோவும் அங்கே மாலரின் ஆவி குடியிருப்பதாகத்தான் எழுதியிருக்கிறார்.

அந்தப் பகுதிக்கான தாள்களில் ஒன்றில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆயிரத்துக்குப் பக்கமாகப் படைப்புகள் எழுதிய ஷூபர்ட், தனக்குக் கவுன்டர்பாயின்ட், அதாவது பல மெட்டுகளை ஒரே நேரத்தில் பின்னுகிற வித்தை, போதாது என்று நினைத்து, ஸைமன் ஸெக்டர் என்ற ஆசிரியரிடம் டியூஷன் சேர்ந்தார். முதல் வகுப்பு நவம்பர் 4. இரண்டாவது வகுப்புக்குப் போகவில்லை, உடம்பு விடவில்லை. சிம்பனிக் குறிப்புக்கு நடுவே அவர் போட்டுப் பார்த்த ஒரு பயிற்சிக் கணக்கும் இருக்கிறது. ஒரு குரல் ஏறினால் மற்றது இறங்குகிற, ஆரம்பப் பாடத்தில் வருகிற கேனன்; ஒரே மெட்டை ஒரு குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் தொடர்ந்து வருவது. பெரியோ அதையும் தள்ளவில்லை. வாத்தியங்களுக்குப் பிரித்து ஆண்டாண்டேக்குள்ளேயே வைத்துவிட்டார்.

என் மேசைக்கு அந்தத் தாள் வந்திருந்தால், ஓரத்தில் பென்சிலால் 'இது வேண்டுமா?' என்று எழுதி, வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.