சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம்: தோமையாரின் தடத்தில்

இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமையாரைச் சென்னையில் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் சாந்தோமிலிருந்துதான் தொடங்குவார்கள். கல்லறை அங்கே இருப்பதால் அது இயல்புதான். ஆனால் நான் போனதும், மற்றவர்களுக்குச் சொல்வதும் வேறு வரிசை. முதலில் சின்னமலை, அப்புறம் பரங்கிமலை, கடைசியாகச் சாந்தோம். அவருடைய கடைசி நாட்கள் இந்த வரிசையில்தான் நடந்தன என்பது இங்குள்ள மரபு.

கி.பி. 52-இல் கொடுங்கல்லூர்ப் பக்கம் கரையிறங்கினார். மலபாரில் சபைகளை எழுப்பினார். பிறகு கிழக்குக் கரைக்கு வந்து மயிலாப்பூரில் போதித்தார். 72-இல் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். குமரி மாவட்டம் திருவிதாங்கோட்டில் உள்ள அரைப்பள்ளியும் அவர் பெயரைச் சொல்லும் கோயில்தான்.

சின்னமலை சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டியதும் வருகிறது. மலை என்று பெயர், ஒரு பாறைமேடுதான். தன்னைத் துரத்தியவர்களிடமிருந்து தோமையார் ஒளிந்திருந்த குகை அங்கே இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். எனக்கு முன்னால் கேரளத்திலிருந்து வந்த ஒரு அம்மச்சி, தான் குனிந்ததோடு நிற்காமல் திரும்பி, "தல நோக்கணே மோனே" என்று என்னையும் எச்சரித்துவிட்டு உள்ளே போனார். உள்ளே ஒரு சிறு பீடம், பாறையில் ஒரு திறப்பு. அந்த வழியாகத்தான் தப்பிப் பெரிய மலையான பரங்கிமலைக்குப் போனார் என்கிறார்கள். திறப்பின் பக்கத்தில் அவருடைய கைத்தடம் என்று வணங்கப்படும் பள்ளம். அம்மச்சி தன் உள்ளங்கையை அதில் பதித்து வெகுநேரம் கண்மூடி நின்றார். நானும் பதித்தேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. உயிர்த்த இயேசுவின் காயத்தில் கையை இட்டால்தான் நம்புவேன் என்றவரின் இடத்துக்கு வந்து, கையை வைத்துச் செபிக்கிறோம்! இதைவிடப் பொருத்தமான வழிபாடு அவருக்கு வேறென்ன இருக்க முடியும்?

அங்கிருந்து பரங்கிமலை. அடிவாரத்திலிருந்து கல்படிகளில் சிலுவைப்பாதை நிலைகளைத் தியானித்தபடி ஏறலாம். வயதானவர்களுக்கு வண்டி போகும் சாலையும் உண்டு. இந்தப் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர். அடையாற்றைக் கடக்க 1726-இல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டியவரும் அவரே. தன் சொந்தப் பணத்தில் பக்தர்களின் காலுக்கு வழி செய்து கொடுத்த மனிதர். ஏறும்போது அவருக்காகவும் ஒரு செபம் சொல்லலாம்.

மலையுச்சியில் எதிர்பார்ப்பு அன்னை ஆலயம். அதன் பீடத்தின் மேலே சுவரில் பதிந்திருக்கும் கற்சிலுவையைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்த்துகீசியர் 1547-இல் இங்கே அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது. பூப்போல விரியும் முனைகள், மேலிருந்து இறங்கும் புறா, சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துகள். போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் செபித்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நேரத்தில் இது இரத்தம் வியர்த்தது என்பதும், அதன் பிறகும் பலமுறை அப்படி நடந்தது என்பதும் மலையின் நம்பிக்கை.

தோமையார் உயிர்விட்டது இந்த மலையில்தான். சந்தேகத் தோமா என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அது என்றைக்குமே வருத்தம். லாசர் இறந்த செய்தி வந்து, இயேசு மறுபடி யூதேயாவுக்குப் புறப்பட்டபோது, அங்கே கல்லெறியக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும், "நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்" என்று சொன்னவர் இவர்தானே? யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தை அந்தப் பீடத்தின் முன்னால் உட்கார்ந்து வாசித்தால், அந்தச் சொல் இங்கே வந்து நிறைவேறியது புரிகிறது.

சாந்தோமில் இப்போதுள்ள பேராலயம் 1896-இல் கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளைக் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். நேராகக் கல்லறைச் சிற்றாலயத்துக்கு இறங்கிவிட்டேன். புனிதரின் எலும்புகள் பழங்காலத்திலேயே இன்றைய துருக்கியில் உள்ள எதேசாவுக்குக் கொண்டுபோகப்பட்டன. பிறகு கிரேக்கத் தீவான கியோஸுக்குப் போய், 1258-இல் அங்கிருந்து இத்தாலியின் ஓர்த்தோனாவுக்குப் போய்ச் சேர்ந்தன என்பது ஓர்த்தோனாவின் மரபு. கல்லறையில் பெரும்பகுதி இல்லை என்று தெரிந்தேதான் மக்கள் வருகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, புனிதர் இறந்த இடத்து மண்ணைப் பக்தர்கள் எடுத்துப்போய் நோயாளிகளுக்குக் கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கும் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கையில் வைத்திருக்கும் தாய்மார்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என எல்லாரும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார்கள்.

ஜூலை 3 தோமையார் திருநாள், டிசம்பர் 18 மலை மாதா திருநாள். திருவிழாவில் கலந்துகொள்ள அந்த நாட்கள். கல்லறை முன்னால் உட்கார்ந்து நிதானமாகச் செபிக்க வேண்டுமென்றால் வேலைநாள் ஒன்றில் காலையிலேயே போய்விடுங்கள்.