எங்கள் வீட்டுக்கு வந்த உக்ரைன் குடும்பம்: விசாவிலிருந்து தனி வீடு வரை

போரிலிருந்து தப்பி வரும் உக்ரைன்காரர்களுக்கு வீட்டில் இடம் கொடுக்கும் பிரித்தானிய அரசின் 'ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்' திட்டத்தில் ஒரு தாயையும் மகனையும் எங்கள் வீட்டில் வைத்திருந்தோம் என்று தெரிந்த பிறகு, இங்கிலாந்தில் இருக்கிற எங்கட தமிழ் ஆட்கள் பலர் விவரம் கேட்கிறார்கள். சிலர் தாங்களும் யாருக்காவது இடம் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள், சிலர் ஏற்கெனவே கொடுத்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று முழிக்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். முதலிலேயே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அறை கொடுப்பது லேசு. கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்), வங்கி, டாக்டர், பள்ளிக்கூடம், ஜொப்சென்டர் (அரசின் வேலை, உதவித்தொகை அலுவலகம்) என்று எல்லாவற்றோடும் அவர்களுக்கு நேரடித் தொடர்பை ஏற்படுத்திக் கொடுப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. உங்கள் போன் நம்பர் எத்தனை படிவத்தில் ஏறுகிறதோ, பின்னால் அத்தனை சிக்கல் வரும்.

திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. ஆரம்பத்தில் யாரை அழைக்கிறோம் என்பதை நாங்களே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. முகநூல் குழுக்களில் முன்பின் தெரியாத ஆண்கள் தனியாக வரும் பெண்களுக்கு இடம் தருவதாகப் போட்டிருந்த பதிவுகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதனால் 'ஒபோரா' என்ற தொண்டு அமைப்பு வழியாகப் போனோம். கார்கிவிலிருந்து கிளம்பி போலந்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணும் பத்து வயது மகனும் அப்படித்தான் எங்களோடு தொடர்புக்கு வந்தார்கள். கணவர் ஊரிலேயே. வீடியோவில் பல தடவை கதைத்தோம். எங்கள் குசினியை, அவர்களுக்கான அறையை, கதவுக்கு உள்பூட்டு இருப்பதைக்கூட காட்டினேன். பூட்டைப் பார்த்த பிறகுதான் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

விசாவுக்குக் கட்டணம் இல்லை. அப்போது செல்லுபடியான உக்ரைன் கடவுச்சீட்டு இருந்தால் ஒன்லைனில் விண்ணப்பித்து, கைரேகையை இங்கே வந்த பிறகு கொடுக்க முடிந்தது. படிவம் முழுக்க ஆங்கிலம் என்பதால் நிறைய இடங்களில் வீட்டுக்காரர்களே தங்கள் மின்னஞ்சலைப் போட்டு நிரப்பிக் கொடுத்தார்கள். எங்களோடு வேலை செய்யும் ஒரு வழக்கறிஞர் தோழி, "அவங்கட மின்னஞ்சல், அவங்கட நம்பர்தான் போட வேணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நாங்கள் திரையைப் பகிர்ந்துகொண்டு, அவர் தட்டத் தட்ட பக்கத்தில் இருந்து உதவினோம். அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய உதவி என்று மூன்று வருடம் கழித்துத்தான் புரிந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கவுன்சில் சோதனைக்கு வீட்டில் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் குற்றப் பதிவுச் சோதனை செய்வார்கள். பிள்ளை வருகிறது என்றால் அது இன்னும் விரிவாக நடக்கும். எழுபது தாண்டிய என் அம்மாவுக்கும் எடுத்தார்கள். வந்த அதிகாரி ஏணி கேட்டு ஏறிப் புகை எச்சரிப்புக் கருவியை அமத்திப் பார்த்தார், கொதிகலனுக்குப் பக்கத்தில் கார்பன் மோனொக்சைட் கருவி இருக்கிறதா என்று பார்த்தார், தாயும் மகனும் எங்கே படுப்பார்கள் என்று கேட்டார். யாரும் இதை அவமானமாக எடுக்க வேண்டாம். அவர்களுக்கு ஊர் தெரியாது, எங்களையும் தெரியாது, வேறு யார்தான் பார்ப்பது?

பணம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எங்களுக்கு மாதம் 350 பவுண் நன்றித் தொகை வந்தது, அவர்கள் நாட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆனதும் அது 500 ஆனது. அதற்கு வரி இல்லை. அதை வாங்கும்வரை வாடகை கேட்கக் கூடாது, ஆனால் மின்சாரம், காஸ் செலவில் நியாயமான பங்கு கேட்கலாம். நாங்கள் கேட்கவில்லை. கேட்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், அந்த வருடக் குளிர்காலப் பில் அப்படி இருந்தது.

வந்து இறங்கியதும் ஆளுக்கு 200 பவுண் கவுன்சில் தந்தது. கையில் இருந்த உக்ரைன் காசான ஹ்ரிவ்னியாவை இங்கே எந்த வங்கியும் மாற்றித் தராததால் அந்தப் பணம் உயிர்க்காசு. அப்புறம் வேலைகளை வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில் வங்கிக் கணக்கு, ஏனென்றால் அது இல்லாமல் யுனிவர்சல் கிரெடிட் (அரசின் மாத உதவித்தொகை) எங்கே போய் விழும்? யுனிவர்சல் கிரெடிட்டின் முதல் பணம் வர ஐந்து கிழமை ஆகும், முன்பணம் கேட்டால் தருவார்கள், ஆனால் பிறகு மாதாமாதம் கழிப்பார்கள். ஜொப்சென்டர் நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், போனில் ஏற்பாடு செய்வார்கள். எனக்கும் கூடப் போக ஆசைதான், ஆனால் வாசலில் விட்டுவிட்டுக் காரில் இருந்தேன். நான் பக்கத்தில் இருந்தால் கேள்வி அவரை விட்டு என்னிடம் வரும் என்று தெரியும்.

டாக்டரிடம் பதிவதில்தான் எனக்குக் கோபம் வந்தது. வரவேற்பில் இருந்த பெண், முகவரிக்கு ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்த கிழமையில் ஒருவருக்கு எந்தப் பில் அவர் பெயரில் இருக்கும்? இங்கிலாந்தில் ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) பதிய முகவரி ஆதாரமோ விசா ஆதாரமோ கட்டாயம் இல்லை என்று அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் வழிகாட்டலே சொல்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டு அடுத்த நாள் அந்தத் தாயையே நீட்டச் சொன்னேன், பேச்சில்லாமல் பதிந்தார்கள்.

மகனுக்குப் பள்ளிக்கூடம் கவுன்சில் வழியாகத்தான், வருட நடுவிலும் விண்ணப்பிக்கலாம். அவனை வயதுப்படி தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டான ஆறாம் ஆண்டில் போட்டதால், வந்த சில மாதத்திலேயே இடைநிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் நாளும் வந்துவிட்டது. அக்டோபர் 31 கடைசி. இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவன் கார்கிவ் பள்ளியின் ஒன்லைன் வகுப்பையும் விடவில்லை. அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே ஆறு. இருட்டோடு எழும்பி, போர்வையைச் சுற்றிக்கொண்டு எங்கள் சாப்பாட்டு மேசையில் லாப்டொப்போடு இருப்பான், அங்கே சைரன் அடித்தால் பாடம் பாதியில் நிற்கும், அப்புறம் சீருடை போட்டுக்கொண்டு இங்கிலாந்துப் பள்ளிக்கு ஓடுவான். என் அம்மா அவனுக்கு முன்னால் எழும்பித் தேத்தண்ணி போட்டு வைப்பா. "நாங்களும் வந்த வருசம் இப்படித்தானே பேப்பரைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்" என்று ஒரு தடவை சொன்னா, மேலே எதுவும் சொல்லவில்லை. அவனும் அவவை அம்மம்மா என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டான்.

எங்கள் ஊரில் உண்மையில் பெரிய தூணாக இருந்தது பொது நூலகம். கிழமைக்கு ஒரு காலை அங்கே உக்ரைன்காரர்கள் கூடுவார்கள், தேத்தண்ணி, ஆங்கிலப் பேச்சுப் பழக்கம், ஒரு மேசையில் கவுன்சில் ஆள், இன்னொரு மேசையில் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு. எந்த டாக்டர் நல்லவர், அவர்கள் சாப்பிடும் பக்வீட் தானியம் எந்தக் கடையில் கிடைக்கும் (போலந்துக் கடையில்), எந்தக் கல்லூரியில் செப்டம்பர் ஆங்கில வகுப்புக்கு இன்னும் இடம் இருக்கிறது எல்லாம் அங்கேதான் தெரியவரும். குண்டுச் சத்தம் போலக் கேட்கும் நவம்பர் 5 வாணவேடிக்கை பற்றித் தாய்மாருக்கு முன்கூட்டியே எச்சரித்ததும் அந்தக் கூட்டம்தான், எனக்கு அது தோன்றவே இல்லை. மிட்லண்ட்ஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொழிலாளர்களாக வந்த உக்ரைன்காரர்கள் கட்டிய சங்கங்கள் நொட்டிங்ஹாம், டார்பி போன்ற ஊர்களில் இன்றும் இருக்கின்றன. நொட்டிங்ஹாம் சங்கத்துக்கு முதல் தடவை கூட்டிக்கொண்டு போனபோது, அங்கே பிறந்து வளர்ந்த வயதான பாட்டி ஒருவர் உக்ரைன் மொழியில் கதைக்க, எங்களோடு வந்த தாய் பதில் சொல்லாமல் அழுதுவிட்டார்.

வேலை சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தத் தாய் ஊரில் கணக்காளர், இங்கே முதலில் கிடைத்தது சாமான் கிடங்கு இரவு வேலை. ஆங்கில வகுப்பு முடித்த பிறகு ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலைக்கு மாறினார்.

கடினமானது தனி வீடு. 2023இல் யுனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்குத் தரும் தொகை 2020 அளவிலேயே நின்றது, வாடகையோ எங்கேயோ போய்விட்டது. முகவர்கள் பிணையாளி கேட்டார்கள், சிலர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். அப்போதுதான் முதல் நாளிலிருந்து அவர் பெயரிலேயே வந்த வங்கிக் கடிதங்கள், சம்பளச் சீட்டு, கவுன்சில் கடிதங்கள் கைகொடுத்தன. வைப்புத் தொகையை கவுன்சில் தன் உக்ரைன் நிதியிலிருந்து கொடுத்தது. எல்லாக் கவுன்சிலும் ஒரே மாதிரி இல்லை, கேட்டால்தான் தெரியும். பிணையாளியாக நாங்கள் கையெழுத்துப் போட்டோம். வந்து மூன்றாம் மாதத்திலேயே இந்தப் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். போகச் சொல்கிறார்கள் என்று அவர்கள் நினைப்பார்களோ என்று தயங்கித் தயங்கிக் கடைசி மாதம்வரை இழுத்த வீடுகளில் மனக்கசப்போடு பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது விசா. மூன்று வருட அனுமதி முடிகிறவர்களுக்கு 2025 பிப்ரவரியில் 18 மாத நீட்டிப்பு கொடுக்கத் தொடங்கினார்கள், கட்டணம் இல்லை, ஸ்பொன்சரும் (வீட்டில் இடம் கொடுப்பவரும்) தேவையில்லை. விசா அட்டை போய் எல்லாம் ஈ-விசா (ஒன்லைன் பதிவு) ஆகிவிட்டது. பலருடைய அட்டையில் 2024 டிசம்பர் 31 என்று போட்டிருந்ததால் விசாவே முடிந்துவிட்டது என்று பயந்தார்கள், அது அட்டையின் தேதி மட்டும்தான். ஈ-விசாக் கணக்குக்குள் போக மின்னஞ்சலுக்கோ போனுக்கோ குறியீடு வரும். பழைய வீட்டுக்காரரின் மின்னஞ்சலில் கணக்கு இருக்கிறவர்கள், அவரோடு தொடர்பு விட்டுப் போயிருந்தால் என்ன பாடுபடுகிறார்கள் என்று நூலகத்தில் கண்ணால் பார்த்தேன். எங்கள் வீட்டில் இருந்த தாய் தன் போனில் இரண்டு நிமிடத்தில் உள்ளே போனார். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், அவர்களுடைய கணக்கில் எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். நீட்டிப்புக்கு விண்ணப்பித்து முடிவு வராமல் இருந்தால் வேலையை விட வேண்டியதில்லை. பழைய அனுமதி முடிவதற்குள் விண்ணப்பித்திருந்தால் உரிமைகள் தொடரும், வேலை கொடுப்பவர் உள்துறை அமைச்சின் சரிபார்ப்புச் சேவையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விண்ணப்பம் கிடைத்தது என்று வந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.