ஏழடிப்பட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சித்தன்னவாசல் என்றால் எல்லோரும் ஓவியம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், நாங்களும் இரண்டு முறை அப்படித்தான் செய்தோம். இந்த முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே கற்படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டம் குகை வரை ஏறினோம். ஓவியம் இருக்கும் அறிவர் கோயில் குடைந்து எடுத்தது, ஆனால் இது மலை தானாகவே விட்டுவைத்த குகை. அங்கே போகப் பாறையில் ஏழு படிக்குழிகள் வெட்டியிருக்கிறார்கள், பெயரே அதனால்தான் வந்தது.

இப்போது கைப்பிடிக் கம்பி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டே அம்மா "இதுக்குப் படுக்கையா, வீட்டிலேயே படுத்திருப்பேனே" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

உள்ளே சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போல மேடு. அதில் பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து. 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. வெளியே பாறை கொதிக்க, உள்ளே காற்று வந்துகொண்டே இருந்தது. சின்னவன் ஒவ்வொரு படுக்கையாக எண்ணி, நடுவில் தப்பிப்போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

காலை ஒன்பதுக்குள் ஏறிவிடுங்கள். நாங்கள் பதினொன்றுக்கு ஏறினோம், தண்ணீர் பாட்டில் வண்டியிலேயே.