கேஸ் ஷீட்டிலிருந்து தொடங்கினோம்

நோயாளியை ஒதுக்கும் பழக்கத்தை வார்டிலிருந்து போக்க, வகுப்பு நடத்துமுன் ஒரு கேஸ் ஷீட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு அட்டையை, பின்தொடர்ந்து போனோம். அது எந்த மேசையில் குறி வாங்குகிறது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். அட்டையில் சிவப்பு மையில் 'எச்.ஐ.வி.', கட்டில் தலைமாட்டில் ஸ்டிக்கர், ஆபரேஷன் பட்டியலில் எப்போதும் கடைசி இடம், நாடி பிடிக்கக்கூட இரட்டைக் கையுறை. இதையெல்லாம் செய்பவர்கள் கெட்டவர்கள் அல்ல, பயந்தவர்கள்.

ஆகவே முதல் வேலை பயத்தைத் தணிப்பது. எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. தடுப்பு மாத்திரையை முடிந்தவரை உடனே, தாமதித்தாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, இரவுப் பணியில் மாத்திரை அலமாரியின் சாவி கிடைக்காவிட்டால் சொன்னதெல்லாம் வீண். சாவி யாரிடம் என்பதை எழுதி ஒட்டுங்கள். ரத்தம் வழியே பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைட்டிஸ் பி-க்கான தடுப்பூசியைத் துப்புரவுப் பணியாளர்களுக்கும் போடுங்கள். குப்பைப் பையில் கிடக்கும் ஊசி குத்துவது அவர்களைத்தான். பட்டியலில் விட்டுப்போவதும் அவர்கள்தான்.

'குறியை எடுத்துவிட்டால் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது?' என்று கட்டாயம் கேட்பார்கள். தொற்று இருந்தும் பரிசோதிக்காதவர் அட்டையில் எந்தக் குறியும் இருக்காது. குறியை நம்புகிறவர் அவரிடம்தான் அசட்டையாக இருப்பார். ரத்தமோ உடல் திரவமோ படும் வேலை என்றால் யாராக இருந்தாலும் கையுறை. நாடி பார்க்கக் கழுவிய கை போதும்.

ஒன்றைக் கவனியுங்கள்: சிவப்பு மை போன இடத்தில் சில வாரங்களில் அதே பொருளில் பச்சைப் புள்ளி முளைக்கும். மாதம் ஒருமுறை அட்டைகளைப் புரட்டாவிட்டால் தெரியாது.

பணி மாற்றத்தின்போது 'அந்த எய்ட்ஸ் கேஸ்' என்பது 'ஏழாம் படுக்கை, நிமோனியா' என்று மாற வேண்டும். நோயின் பெயரைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி சொல்லக் கூடாது.

எங்கள் கணிப்பில் மிகக் கடினமானது மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் விஷயம். இங்கே பயத்தைவிட அலட்சியமே அதிகம். நெஞ்சு வலி என்று வருபவரின் பழைய சீட்டைப் பார்த்ததும் 'பதற்றம்' என்று எழுதிவிடுகிறார்கள், மாரடைப்பு கண்ணில் படாமல் போகிறது. ஆகவே வரிசையையே மாற்ற வேண்டும்: முதலில் ரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன் அளவு, இ.சி.ஜி. அவற்றைக் குறித்த பிறகுதான் பழைய சீட்டைத் திறக்க வேண்டும்.