சந்தேகத்துக்கென்று ஒரு தனிக் குறிப்பேடு

சிறுகதைப் போட்டி அறிவிப்பு வெளியானால், பரிசுத் தொகையையும் சொல் வரம்பையும் கடைசித் தேதியையும் பார்த்துவிட்டுப் பலரும் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். என்னைத் தடுத்து நிறுத்தியது அறிவிப்பின் அடியில் சிறிய எழுத்தில் வழக்கமாக இருக்கும் உறுதிமொழி. கதை என் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அன்று, அச்சிலோ இணையத்திலோ இதுவரை வெளியானதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கதையோடு இணைக்க வேண்டும். பின்னிரண்டும் எளியவை. 'சொந்தக் கற்பனை' என்பதன் கீழே கையெழுத்திட எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதுதான், கதையைத் தொடங்குவதற்கு முன்பே என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

நான் எழுத நினைத்தது தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாயைப் பற்றி. என் பெரியம்மா உப்பளத்தில் உப்பு வாரியும் சுமந்தும் பிள்ளைகளை ஆளாக்கியவர். நானோ அதே ஊரில் வளர்ந்தும், ஒரு பெட்டி உப்பைக்கூடத் தலையில் ஏற்றியதில்லை. படித்து முடித்து ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்விட்டேன். இந்த உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதியிருக்கிறார். அவர் முசிறியில் பிறந்தவர். எழுத எடுத்துக்கொண்ட மக்களைத் தேடிப் போய், அவர்களோடு பழகி, கேட்டறிந்து எழுதுவதைத் தம் வழக்கமாகவே வைத்திருந்தவர். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அவ்வளவு அருகில் சென்று எழுதிவிட்ட பிறகு, உள்ளூரில் இருந்துகொண்டே தள்ளி நின்ற நான் புதிதாக என்ன எழுதிவிட முடியும் என்று தோன்றியது.

தன்னையே சந்தேகிக்கும் மனம் எப்போதும் பொத்தாம்பொதுவாகத்தான் பேசுகிறது. 'உனக்கு எழுத வராது', 'இதில் உயிர் இல்லை', 'இதையெல்லாம் யார் படிப்பார்கள்' என்பவற்றுக்கு எந்தப் பதிலும் கிடையாது; ஏனென்றால் அவை எதைக் குறித்தும் சொல்லப்பட்டவை அல்ல. நண்பர்கள் அக்கறையோடு சொல்லும் 'உன்னால் முடியும்' என்ற ஆறுதலும் இதனால்தான் நிலைப்பதில்லை என்று நினைக்கிறேன். 'முடியாது' என்பது எவ்வளவு பொதுவோ, 'முடியும்' என்பதும் அவ்வளவே பொது. ஒன்றை வைத்து மற்றொன்றை வெல்ல முடியாது. முதல் பத்தியை எழுதுவதும் அழிப்பதுமாக எனக்கு இரவுகள் போய்க்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கின் நாட்குறிப்பைப் பற்றிப் படித்தேன். 1938-ஆம் ஆண்டு 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில், அவர் அதற்கு இணையாகத் தனியே ஒரு நாட்குறிப்பும் எழுதி வந்தார். தாம் எழுத்தாளரே இல்லை, இதுவரை தம்மையும் பிறரையும் ஏமாற்றி வந்திருக்கிறோம் என்ற பொருளில் அதில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். அந்த நாவல் 1939-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. 1962-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பெரியவர்களுக்கே சந்தேகம் வந்திருக்கிறது என்பதைப் பலர் ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை, அவர் ஸ்டைன்பெக் என்பதால். என்னை ஈர்த்தது அவர் செய்துகொண்ட ஏற்பாடு. சந்தேகத்துக்கு ஓரிடமும் நாவலுக்கு வேறோர் இடமும் ஒதுக்கி, இரண்டையும் அன்றாட வேலையாகவே அவர் நடத்தியிருக்கிறார். சந்தேகம் தீர்ந்த பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

நானும் ஒரு கோடு போட்ட குறிப்பேட்டை வாங்கிவந்து, மனத்தில் எழும் ஒவ்வொரு சந்தேகத்தையும் அதில் எழுதத் தொடங்கினேன். எழுதிய ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எந்த வரியில்?' என்று கேட்டு, கதையிலிருந்து அந்த வரியை எடுத்துக் காட்ட வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட விதி. 'இதில் உயிர் இல்லை' என்று எழுதியபோது, எந்த வரியில் என்று தேடிப் போனேன். 'மாரியம்மாள் கொளுத்தும் வெயிலில் நின்று உப்பு வாரினாள்' என்ற வரியில் போய் நின்றது கை. வயலில் களை பறிப்பவளும் சாலையில் ஜல்லி கொட்டுபவளும் கொளுத்தும் வெயிலில்தான் நிற்கிறார்கள். உப்பளத்து வெயிலுக்கென்று அந்த வரியில் எதுவும் இல்லை. 'உயிர் இல்லை' என்ற தீர்ப்பு அந்தக் கணத்திலேயே, பெரியம்மாவிடம் போய்க் கேட்டு வரவேண்டிய ஒரு வேலையாக மாறிவிட்டது.

பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உப்பளத்து வெயில் எப்படி இருக்கும் என்று நான் கேட்டதும், இது என்ன கேள்வி என்பதுபோல நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, வெயிலு மேலேருந்து மட்டுமா அடிக்கும்? கீழேருந்தும்லா அடிக்கும். குனிஞ்சி வாரும்போது மூஞ்சி பூரா அதுதான். முக்காடு போட்டாலும் கண்ணுக்கு எதைப் போட?" அதன் பிறகு நான் கேட்காததையெல்லாம் சொன்னார். விடியுமுன்பே வேலைக்கு இறங்குவது, தலையில் சும்மாட்டின் மேல் வைத்த பெட்டியிலிருந்து உப்புநீர் கழுத்து வழியே முதுகுக்குள் இறங்குவது, காலில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்பில் அந்த நீர் படும்போது முதல் அடியைக் கீழே வைப்பது. 'முதல் அடிதான் கஷ்டம், அப்புறம் மரத்துரும்' என்று அவர் சொன்னபோது, ஒரு பக்கத்துக்கு நான் எழுதி வைத்திருந்த வருணனை முழுவதும் தேவையற்றுப் போனது.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே அளவையில், கடல்நீர் ஏறத்தாழ மூன்று டிகிரி இருக்கும். அது பாத்தி பாத்தியாக மாறி வெயிலில் வற்றி, சுமார் 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. இந்தச் செய்தியில் எனக்கிருந்த ஈடுபாட்டால் அதையே பத்தி பத்தியாக எழுதியிருந்தேன். 'இது கதையா, பாடமா?' என்று குறிப்பேடு கேட்டது. எந்த வரியில் என்று பார்த்தால், அந்தப் பத்திகளின் எல்லா வரிகளிலும்தான். பாத்தியில் கையை விட்டுத் துழாவிப் பார்த்து, 'இன்னும் ரெண்டு வெயிலு வேணும்' என்று மாரியம்மாள் சொல்லும் ஒரே பேச்சை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிட்டேன்.

எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறேன் என்ற கவலைக்கு அதிக இடம் தரவில்லை. எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதாக நினைவில்லை என்று, மருத்துவத் தொழிலுக்கு நடுவே எழுதிக்கொண்டிருந்த ரஷ்ய எழுத்தாளர் செகாவ், 1886-இல் மூத்த எழுத்தாளர் கிரிகோரோவிச்சுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். நம் தமிழ்ச் சிறுகதை எழுத்தாளர் மௌனி வாழ்நாள் முழுவதிலும் எழுதியவை 24 கதைகள் அளவுக்கே. வேகத்தை வைத்துத் தகுதியை அளக்க இருவரும் இடம் தரவில்லை.

நடுவர்கள் யாராக இருப்பார்கள், அவர்களுக்கு எந்த வகைக் கதை பிடிக்கும், உப்பளம் பழைய பொருள் என்று ஒதுக்கிவிடுவார்களா என்ற சந்தேகங்களும் வந்தன. எந்த வரியில் என்று கேட்டால் இவற்றுக்குக் காட்ட வரியே இல்லை. வரி இல்லாதவற்றை அடித்துவிட்டு மேலே போனேன்.

எஞ்சி நின்றது முதல் கேள்விதான். 'நீ உப்புச் சுமந்தவள் இல்லை, கணக்கு எழுதுகிறவள். உனக்கு இதைச் சொல்ல என்ன உரிமை?' என்று எழுதிவிட்டு, எதிரே வழக்கம்போல் எந்த வரியில் என்று எழுதினேன். கதையை முதலிலிருந்து படித்தபோது, மாரியம்மாளின் மனத்துக்குள் நுழைந்து நான் பேசும் வரிகள் எல்லாம் தளர்ந்தும், அவளைத் தள்ளி நின்று பார்க்கும் வரிகள் எல்லாம் உறுதியாகவும் இருப்பதைக் கண்டேன். அப்படியானால் தள்ளி நிற்கும் ஒருத்தியே இந்தக் கதையைச் சொல்லட்டும் என்று தோன்றியது. மாரியம்மாளுக்கு ஒரு மகள் பிறந்தாள். படித்துவிட்டு, தாய் வேலை பார்க்கும் அதே அளத்தின் அலுவலகத்தில் கணக்கெழுதச் சேர்கிறாள். முதல் சனிக்கிழமையன்று, கூலிப் பட்டியலில் தன் தாயின் பெயருக்கு எதிரே தொகையை அவள் எழுத வேண்டும். இது பெரியம்மா வாழ்க்கையில் நடந்ததில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுதத் தகுதியில்லை என்பதற்குச் சான்றாக நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அந்தத் தூரமே கதையின் பார்வைக்கோணமாக அமைந்தது. அதன் பிறகு பேனா நிற்கவில்லை.

முழுக் கதையையும் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய சொற்களைக் கதையில் எடுத்தாண்டிருந்ததால் அவருடைய சம்மதம் எனக்கு முக்கியமாக இருந்தது. குறுக்கே பேசாமல் கேட்டார். தொகையை எழுதும்போது மகளின் கை நடுங்கியது என்று வாசித்த இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். "அம்மைக்குக் கூலி எழுத மவ கை நடுங்குனா, கணக்கு எப்பிடிட்டி நேரா வரும்? அவ நல்லாத்தான் எழுதுவா. எழுதிட்டு அடுத்த பேருக்குப் போவா." நான் அந்த வரியை எடுத்துவிட்டு, அவர் சொன்னபடியே மகளை அடுத்த பெயருக்கு அனுப்பினேன். கதை அந்த அடுத்த பெயரோடு முடிகிறது.

உறுதிமொழியில் கையெழுத்திட்டு, ஒருங்குறி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்போடு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். முடிவுகள் இன்னும் அறிவிக்கப்படவில்லை. குறிப்பேட்டில் அடிக்கப்படாத ஒரு கேள்வி இன்னும் இருக்கிறது: மகளின் கை நடுங்காததை வாசகர்கள் கல்மனம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்பது. எந்த வரியில் என்பதும் எனக்குத் தெரியும். கடைசிக்கு முந்தைய வரியில். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தொகுப்பில் சேர்க்கும் நாள் வந்தால் நான் மறுபடி தொடப்போகும் வரி அதுதான்.