மொட்டைமாடியில் ஓர் அட்சரேகை

கப்பல் அதிகாரிக்கான செகண்ட் மேட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த டிசம்பரில், கை பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று காசிமேட்டு வீட்டு மொட்டைமாடிக்குச் செக்ஸ்டன்டை எடுத்துக்கொண்டு ஏறினேன். கண்ணாடிகளால் சூரியனின் பிம்பத்தை இறக்கி, அதன் உயரத்தைக் கோணமாக அளக்கும் கருவி அது. காலையில் சிக்கல் இல்லை. கடல் கிழக்கே, சூரியனும் அந்தப் பக்கம். எட்டரை மணிவாக்கில் சூரியனின் கீழ்விளிம்பை அடிவானத்தில் தொடவைத்து நேரத்தைக் குறிக்க வேண்டும். நான்கு நொடி பிசகினால் தீர்க்கரேகை 1′ (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நகர்ந்துவிடும். கண்மட்டம் கடலுக்கு மேல் 9 மீட்டர் என்பதால், அடிவானத் தாழ்வுக்காக, அதாவது உயரத்திலிருந்து பார்க்கையில் அடிவானம் சற்றுக் கீழே தெரிவதற்காக, 5.3′ கழித்தேன்.

நண்பகல்தான் வடசென்னைக்காரனுக்கு வினை. டிசம்பரில் உச்சிச் சூரியன் நேர் தெற்கில் நிற்கும். அதன் கீழே கடல் ஏது? ராயபுரத்துக் கட்டடங்களும் துறைமுகக் கிரேன்களும்தான்.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: செயற்கை அடிவானம். அகலத் தட்டில் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றி, காற்று படாமல் சுவரோரம் வைத்தேன். தண்ணீர் சிறு காற்றுக்கும் சிலிர்க்கும். ஆயில் அவ்வளவு எளிதில் அசையாது. வானத்துச் சூரியனை இறக்கி, ஆயிலில் தெரியும் சூரியன்மேல் அப்படியே பொருத்தினால் கிடைப்பது உயரத்தின் இரு மடங்கு. தாழ்வுத் திருத்தம் வேண்டாம், விளிம்பிலிருந்து சூரியனின் மையத்துக்குப் போக வேண்டிய அரைவிட்டத் திருத்தமும் வேண்டாம். இரு பிம்பங்களுக்கும் கறுப்புக் கண்ணாடி மட்டும் கட்டாயம். கண் போனால், சூரியன் இருக்குமிடத்தை நாள்தோறும் தரும் அல்மனாக் எதுவும் உதவாது. பக்கத்து மாடியில் துணி உலர்த்திய அக்கா, "என்ன தம்பி, இன்றைக்குக் கிரகணமா?" என்று கேட்டார்.

இந்திய நேரம் 82°30′ தீர்க்கரேகைக்கு உரியது. நாம் இருப்பதோ 80°18′. அதனால் டிசம்பர் 22 அன்று இங்கே உச்சி 12 மணி 7 நிமிட வாக்கில். 11.50 முதலே அளந்தேன். ஏறிவந்த கோணம் தயங்கி நின்று, பிறகு இறங்கியது. கருவிப் பிழையை நீக்கிய உச்ச அளவு 106°54′. அதில் பாதி 53°27′. ஒளிவிலகலுக்காக ஏறத்தாழ 1′ போக 53°26′. அதை 90°-இலிருந்து கழித்தால் 36°34′. சூரியன் அன்று நடுக்கோட்டுக்குத் தெற்கே 23°26′-இல் இருந்தது. அதையும் கழிக்க, 13°08′ வடக்கு.

காலை அளவு தருவது, நாம் அதன்மேல் எங்கோ இருக்கிறோம் என்று சொல்லும் ஒரு கோடு. கப்பலாக இருந்தால் அந்தக் கோட்டினை, ஓடிய திசைக்கும் தூரத்துக்கும் ஏற்ப நகர்த்தித்தான் இந்த அட்சரேகையோடு வெட்டவைக்க வேண்டும். மாடி எங்கும் ஓடவில்லை. கோடுகள் வெட்டிய இடம் மீன்பிடித் துறைமுகத் தண்ணீருக்குள் விழுந்தது. வீட்டிலிருந்து ஒரு கடல் மைலுக்குள்தான். தட்டு ஆயிலுக்கு அது மோசமில்லை.

செய்து பார்க்க விரும்புபவர்கள் ஜனவரிக்குள் முடித்துவிடுங்கள். பிப்ரவரி பிறந்ததும் சென்னையில் உச்சி உயரம் 60°-ஐத் தாண்டிவிடும். என் செக்ஸ்டன்டின் அளவுகோல் 120°-இல் முடிந்துவிடுகிறது.